ஜிஆர்இ ஆங்கிலம்: இலக்கணமும் சொல்வளமும் எங்கே ஒளிந்திருக்கின்றன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொறியியல் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நுழைவுத்தேர்வு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பகுதி, அமெரிக்கா போன்ற நாடுகளில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ பற்றியது. ஜிமேட், டான்செட், இரண்டு 'கேட்' தேர்வுகள், டோஃபெல் ஆகியவை பற்றி பின்னால் கொஞ்சம் வரும்.

ஜிஆர்இ-யில் கிராமர் கேள்வி வருமா?

நேரடியாக வராது. 'பிழையைக் கண்டுபிடி', 'சரியான முன்னிடைச்சொல்லைப் போடு' போன்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கினார்கள். இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம். அதில் ஆங்கிலப் பகுதி இரண்டு துண்டு: முதலில் 12 கேள்விக்கு 18 நிமிடம், அடுத்ததில் 15 கேள்விக்கு 23 நிமிடம். இந்த 27 கேள்விகளும் மூன்றே வகை: வெற்றிடத்தை நிரப்புவது, ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுப்பது, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. இவை தவிர 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை.

அப்படியென்றால் இலக்கணம் படிக்க வேண்டாம், சரிதானே?

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். விதியைக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் விதி தெரியாமல் அந்த வாக்கியங்களை உடைக்க முடியாது. ஜிஆர்இ பத்தியில் ஐந்து வரி நீளத்துக்கு ஒரே வாக்கியம் வருவது சாதாரணம். எழுவாய் முதல் வரியில் இருக்கும், அதன் பயனிலை நான்காம் வரியில் கிடைக்கும். நடுவில் இரண்டு காற்புள்ளிக்குள் ஒரு விளக்கம், அந்த விளக்கத்துக்குள் இன்னொரு விளக்கம். எந்த வினை எந்தப் பெயரோடு போகிறது என்று பிடிபடாவிட்டால், எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்தும் வாக்கியம் புரியாது. "சார், வேர்ட்ஸ் எல்லாம் தெரியுது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்று சொல்பவர்களுக்கு வேண்டியது சொற்பட்டியல் இல்லை, வாக்கிய இலக்கணம்.

இதில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் விளக்கம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும்: "நேற்று நூலகத்தில் தொலைந்துபோன புத்தகம்." 'புத்தகம்' என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் அதைப் பற்றிய எல்லாமே நமக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் தலைகீழ். பெயரைச் சொல்லிவிட்டு, 'விச்', 'தட்', 'ஹூ' என்று வாலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். வால் முடிந்த பிறகுதான் வினை வரும். அதற்குள் தலையை மறந்துவிடுகிறோம்.

ஒருமை, பன்மைத் தகராறும் இதே காரணத்தால்தான். தமிழ் வினை ஒருமை, பன்மை, ஆண்பால், பெண்பால் எல்லாவற்றுக்கும் விகுதி மாற்றும். 'மாணவர்கள் வந்தான்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் 'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ்' என்று தொடங்கிவிட்டு 'ஆர்' போடுகிறோம். ஏன்? தமிழில் "புத்தகங்களின் பட்டியல் இருக்கிறது" என்னும்போது தலைமைச் சொல்லான 'பட்டியல்' வினைக்கு அருகிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' எட்டப் போய்விடுகிறது, வினைக்கு ஒட்டி 'புக்ஸ்' என்ற பன்மை நிற்கிறது. காது பக்கத்தில் இருப்பதைத்தான் கேட்கும்.

நான் கொடுக்கும் பயிற்சி எளிமையானது. நீள வாக்கியத்தை எடுத்து, காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதையும், 'விச்', 'ஹூ' என்று தொடங்கும் வால்களையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் ஐந்தாறு சொல் நிற்கும். அதை முதலில் புரிந்துகொண்டு, அடித்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம், இரண்டு மாதம். இதைச் செய்து பலனில்லை என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. செய்யாமலே சலித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

3,500 சொல் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா? அண்ணன் செய்தாராம்.

அண்ணன் 2011-க்கு முன்னால் எழுதியிருப்பார். அப்போது எதிர்ச்சொல் கேள்வி இருந்தது. ஒற்றைச் சொல்லைக் கொடுத்து, அதன் எதிர்ச்சொல்லை ஐந்தில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வாக்கியம் கிடையாது, துப்பு கிடையாது; தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை. இன்னொன்று 'அனாலஜி': 'குயவன்–களிமண்' உறவு போல 'தச்சன்–?' என்று கேட்பது. இந்த உதாரணம் எளிது. உண்மைத் தேர்வில் வருவன பல்லை உடைக்கும் சொற்களாக இருக்கும். அந்தக் காலத்துக்கு 3,500 சொல் பட்டியல் நியாயமானது. நானும் பழைய முறையில் எழுதியவன்தான். பேருந்தில், பந்தியில், கோயில் வரிசையில்கூட அட்டைகளைப் புரட்டியிருக்கிறேன். அதில் பாதிச் சொற்களை அதற்குப் பிறகு எங்கும் சந்திக்கவே இல்லை.

2011 ஆகஸ்டில் இந்த இரண்டு வகையையும் எடுத்துவிட்டார்கள். மதிப்பெண் அளவும் 200–800 என்பதிலிருந்து 130–170 ஆயிற்று. இப்போது எந்தச் சொல்லும் வாக்கியத்துக்குள்தான் வரும். எண்ணூறு, ஆயிரம் சொற்களை ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பது 3,500 சொற்களை மேலோட்டமாகத் தெரிந்து வைத்திருப்பதைவிட மேல் என்பது என் கணக்கு.

ஏன் எடுத்தார்கள்?

ஜிஆர்இ மட்டும் எடுக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு 1994-இல் எதிர்ச்சொல்லையும் 2005-இல் அனாலஜியையும் கைவிட்டது. அனாலஜி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த மில்லர் தேர்வு 2023-இல் நின்றே போயிற்று. பட்டியலை உருப்போட்டவர் மதிப்பெண் வாங்கினார் என்பதால் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்வார் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி நீண்ட நாளாகவே இருந்தது. ஜிஆர்இ 1936-இல் கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சி. 1947-இல் இடிஎஸ் என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் உருவானதும் அதன் கைக்கு வந்தது. அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு என்று எழுதப்பட்ட தேர்வை இன்று உலகம் முழுவதும் எழுதுகிறார்கள். காட்டுமன்னார்கோயிலில் பள்ளி படித்த ஒருவரிடம், அந்தச் சூழலுக்கே உரிய படகுப் போட்டிச் சொல்லைக் கேட்டு அறிவை அளந்தால் அது அறிவை அளந்ததாகாது.

ஆனாலும் அனாலஜி போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல அனாலஜி கேள்வி விடுகதை மாதிரி இருக்கும்.

வெற்றிடம் நிரப்பும் கேள்வியை எப்படிப் போடுவது?

தமிழிலேயே ஒன்று போட்டுப் பார்ப்போம். உத்தி மொழியைச் சார்ந்ததில்லை.

"மேடையில் மடைதிறந்தாற்போலப் பேசும் அவர், வீட்டுக்கு நாலு பேர் வந்தால் ______ ஆகிவிடுவார் என்பதைப் பலரால் நம்ப முடியவில்லை."

சொற்கள்: சிடுமூஞ்சி, வாயாடி, பேசாமடந்தை, சோம்பேறி, கருமி.

விடை பேசாமடந்தை. இது எல்லாருக்கும் வரும். ஏன் சிடுமூஞ்சி இல்லை என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிறது. வீட்டில் ஒருவர் சிடுமூஞ்சியாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் வாக்கியம் அதைச் சொல்லவில்லை. 'நம்ப முடியவில்லை' என்பதால் முன்னால் சொன்னதற்கு எதிரானது வர வேண்டும். முன்னால் சொன்னது பேச்சைப் பற்றி. பேச்சுக்கு எதிர் பேசாமை, கோபம் இல்லை. 'கெட்ட குணமாக ஏதாவது வர வேண்டும்' என்ற அளவோடு நின்றால் சிடுமூஞ்சி, சோம்பேறி, கருமி மூன்றுமே பொருந்துவது போலத் தெரியும். கேள்வி எழுதுபவர் அதற்காகவே அவற்றை வைத்திருக்கிறார்.

ஆகவே, சொற்களைப் பார்க்கும் முன் வெற்றிடத்தில் உங்கள் சொந்தச் சொல் ஒன்றைப் போடுங்கள். தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. வாக்கியத்தில் எந்தச் சொல் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் நீங்கள் ஊகிக்கிறீர்கள் என்று பொருள்.

திசை காட்டும் சொற்கள்தான் உயிர். 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'யெட்' வந்தால் திசை திரும்பும். முக்காற்புள்ளி வந்தால் பெரும்பாலும் அதே திசை, பின்னால் வருவது முன்னால் சொன்னதன் விளக்கம். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது எதிர்மறையை மறைத்து வைத்திருக்கும் தொடர்களில்: 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்', முக்கியமாக 'எனிதிங் பட்'. ஒருவரை 'எனிதிங் பட் ஷை' என்றால் அவரிடம் கூச்சம் துளியும் இல்லை என்று பொருள். 'கூச்சம் தவிர வேறெதுவும்' என்று சொல்லுக்குச் சொல் பிரித்தால் பாதிப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தமிழில் 'இல்லாமல் இல்லை' என்பதை நாம் யோசிக்காமலே புரிந்துகொள்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் வர வேண்டும்.

ஒரு வெற்றிடம் என்றால் ஐந்து சொற்கள் தருவார்கள். இரண்டு அல்லது மூன்று வெற்றிடம் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று. மூன்றில் இரண்டு சரி என்றால் பாதி மதிப்பெண் கிடைக்காது. எல்லாம் சரியாக இருக்க வேண்டும். முதல் வெற்றிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துப்பு எங்கே கனமாக இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆறில் இரண்டு எடுக்கும் கேள்வியில் ஒரே பொருள் உள்ள ஜோடியைத் தேடினால் போதுமா?

போதாது. ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் ஜோடி இரண்டு இருக்கலாம். அதில் ஒன்று வாக்கியத்துக்குப் பொருந்தாது. அருமையாகப் பொருந்தும் ஒற்றைச் சொல்லும் இருக்கும், அதற்கு ஜோடி இருக்காது. அதை விட்டுவிட மனசு வராது, விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு சொற்களையும் தனித்தனியே போட்டுப் படிக்கும்போது வாக்கியத்தின் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முதலில் வாக்கியம், பிறகு ஜோடி.

எனக்குத் தெரிந்த சொல்லிலேயே தப்பு வருகிறது. ஏன்?

தெரியாத சொல்லிடம் எச்சரிக்கையாக இருப்பீர்கள், தெரிந்த சொல்லிடம் இருக்க மாட்டீர்கள். 'சாங்ஷன்' என்றால் நம் ஊரில் லோன் சாங்ஷன், லீவ் சாங்ஷன், அனுமதி. அதே சொல் செய்தித்தாளில் ஒரு நாட்டின் மீது போடும் பொருளாதாரத் தடைக்கும் வருகிறது, தண்டனை. ஒரே சொல், இரண்டு எதிரெதிர்ப் பொருள். ஜிஆர்இ-க்கு இந்த மாதிரிச் சொற்கள் மேல் தனிப் பிரியம்.

'குவாலிஃபை' என்றால் தேர்ச்சி பெறுவது மட்டுமில்லை. சொன்ன கருத்தை 'ஆனால், சில இடங்களில் மட்டும்' என்று கட்டுப்படுத்துவதும் அதுதான். பாராட்டு 'குவாலிஃபைட்' என்றால் அரைகுறைப் பாராட்டு. 'பெடஸ்ட்ரியன்' சாலையில் நடப்பவர் மட்டுமில்லை. எழுத்தைப் பற்றிச் சொன்னால் சுவாரசியமற்றது. 'டாக்ஸ்' என்றால் பொறுமையைச் சோதிப்பதும் உண்டு. 'ஃபிளாக்' என்றால் கொடி, அதோடு சோர்ந்து தொய்வதும். 'ஆரெஸ்ட்' என்றால் கைது மட்டுமில்லை, நோய் பரவாமல் நிறுத்துவதும். 'ஆர்ட்லெஸ்' என்றால் கலைத்திறன் இல்லாதவர் என்று நினைப்போம்; அங்கே பெரும்பாலும் சூதுவாது தெரியாதவர் என்ற நல்ல பொருளில் வரும். 'டெம்பர்' நம் ஊரில் கோபம். வினையாக வந்தால் மட்டுப்படுத்துவது, கிட்டத்தட்ட நேரெதிர்.

இப்படி நூறு சொல் சேர்த்துத் தனி நோட்டில் எழுதுங்கள். புதுச் சொல் நூறு படிப்பதைவிட இது அதிக மதிப்பெண் தரும்.

வேர்ச்சொல் படித்தால் பொருளை ஊகிக்கலாமா?

பாதி நேரம் முடியும். 'பெனி' என்றால் நன்மை, 'மால்' என்றால் தீமை என்று தெரிந்தால் பத்து இருபது சொல் திறக்கும். ஆனால் தேர்வு எழுதுபவர்கள் தேடிப் பிடிப்பது ஏமாற்றும் சொற்களை. 'எனர்வேட்' காதுக்கு 'எனர்ஜி' போல ஒலிக்கும். பொருள் சக்தியை உறிஞ்சுவது. 'நாய்சம்' சத்தம் இல்லை, நாற்றம். 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பது இல்லை, இருப்புக் கொள்ளாமல் முரண்டு பிடிப்பது. வேரை நினைவுக் கொக்கியாக வைத்துக்கொள்ளுங்கள், சாவியாக நம்ப வேண்டாம்.

படித்தது மறந்துபோகிறது. என்ன செய்வது?

எல்லாருக்கும் மறக்கும். ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் அர்த்தமற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். அதற்கு அவர் காலத்திலிருந்தே சொல்லப்படும் மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. இன்று படித்ததை நாளை, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஐந்து அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டு, சரியாகச் சொன்ன சொல்லை அடுத்த பெட்டிக்கும் தவறியதை முதல் பெட்டிக்கும் மாற்றுவது லைட்னர் முறை. போனில் 'ஆங்கி' செயலி இந்தக் கணக்கை உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு விஷயம், பயிற்சி மையங்களில் சொல்ல மாட்டார்கள்: சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுங்கள், ஆனால் சரியான தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் அகராதி பார்த்து 'பணத்தை அதிகம் செலவழிக்காத' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று சிக்கனம், மற்றது கஞ்சத்தனம். 'ரெசல்யூட்' என்றால் மனவுறுதி, 'ஆப்ஸ்டினேட்' என்றால் பிடிவாதம். 'கான்ஃபிடென்ட்' தன்னம்பிக்கை, 'ஹாட்டி' திமிர். ஒரே குணத்தைப் பிடித்தவர் ஒரு மாதிரியும் பிடிக்காதவர் வேறு மாதிரியும் சொல்வதற்குத் தமிழில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. உங்கள் பாட்டி பக்கத்து வீட்டுக்காரியைச் சிக்கனக்காரி என்றாரா கருமி என்றாரா என்பதிலிருந்தே அவர்களுக்குள் உறவு எப்படி என்று தெரிந்திருக்கும். ஜிஆர்இ சோதிப்பதும் அந்த நுட்பத்தைத்தான்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. எனக்கு இது எட்டுமா?

எட்டும். நாட்கள் கூடுதலாகத் தேவைப்படும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆங்கில வழி மாணவர் மூன்று மாதத்தில் செய்வதற்கு நீங்கள் ஆறேழு மாதம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு மாதம் சொற்பட்டியலைத் தொடவே வேண்டாம். ஆங்கில நாளிதழின் தலையங்கம், அறிவியல் கட்டுரை என்று ஏதாவது ஒன்றைத் தினமும் படியுங்கள். உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. பள்ளியில் எழுவாய், பயனிலை, பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் முறையாகப் படித்திருக்கிறீர்கள். என் வகுப்பில் நீள வாக்கியத்தை உடைப்பதில் தமிழ் வழிப் பிள்ளைகள் பின்தங்கியதாக நான் பார்க்கவில்லை. அவர்கள் திணறுவது வேகத்தில். வேகம் படிக்கப் படிக்கத்தான் வரும்.

கட்டுரையில் இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்களா?

கட்டுரைக்கு 0 முதல் 6 வரை, அரை அரையாக மதிப்பெண். ஒரு மனிதரும் ஒரு மென்பொருளும் படிக்கிறார்கள். 6 வாங்கிய கட்டுரையிலும் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கலாம் என்று இடிஎஸ் விதிமுறையிலேயே இருக்கிறது. பிழை பொருளைக் குழப்பும் அளவுக்குப் போனால்தான் அடி. தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி இருக்காது. அதனால் பயிற்சியையும் அது இல்லாமலே செய்யுங்கள். கேட்கப்படக்கூடிய தலைப்புகள் அத்தனையையும் இடிஎஸ் தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்க்காமலே தேர்வுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

தமிழர் கட்டுரைகளில் நான் திரும்பத் திரும்பச் சிவப்பு மையில் வட்டமிடுவன சில. 'ஒன் ஆஃப்' என்றதும் பின்னால் பன்மை வர வேண்டும். 'ஒன் ஆஃப் தி ரீசன்' என்று நிறுத்தாதீர்கள். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'அபௌட்' இருக்கிறது, மறுபடியும் வேண்டாம். 'டவுட்' என்றால் அங்கே அவநம்பிக்கை. நாம் சந்தேகம் கேட்பது அவர்களுக்கு வெறும் 'க்வெஸ்சன்'. 'தி' எங்கே போடுவது என்பது தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லாததால் வரும் தலைவலி. கைக்கு ஒரு வழி: தமிழில் 'அந்த' என்று சொன்னால் கேட்பவருக்கு எது என்று தெரியுமா? தெரியும் என்றால் 'தி' போடுங்கள். எல்லா இடத்துக்கும் இது உதவாது, முக்கால்வாசிக்கு உதவும்.

இன்னொன்று, வாக்கியத் தொடக்கத்தில் தொங்கும் எச்சம். 'வாக்கிங் டு தி காலேஜ், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால் மழை கல்லூரிக்கு நடந்து போகிறது. இதை ஆங்கில விதியாகச் சொன்னால் புரியாது. தமிழில் சொல்கிறேன்: "பேருந்திலிருந்து இறங்கி மழை பெய்தது." உறுத்துகிறதா? 'செய்து' என்னும் வினையெச்சம் அதே எழுவாயின் வினையைத்தான் கொண்டு முடியும் என்று தொல்காப்பியத்தின் வினையியலே சொல்கிறது. உங்கள் காதுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும். 'இறங்கியபோது மழை பெய்தது' என்று தமிழில் எப்படித் திருத்துவீர்களோ, அப்படியே 'வென்' போட்டு ஆங்கிலத்திலும் திருத்துங்கள்.

ஜிமேட்டில் கிராமர் உண்டுதானே?

இருந்தது. வாக்கியத்தில் அடிக்கோடிட்ட பகுதியைத் திருத்தும் கேள்வி, எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட்டின் அடையாளமாகவே இருந்தது. 2023 நவம்பரில் வந்த புது ஜிமேட்டில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலப் பகுதியில் 23 கேள்வி, 45 நிமிடம், பத்தியும் தர்க்கமும் மட்டும். கட்டுரையும் இல்லை. பழைய வழிகாட்டிப் புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

'கேட்' தேர்வில்?

எந்தக் கேட்? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஐஐஎம் மேலாண்மைப் படிப்புக்கான கேட்டில் நேரடி இலக்கணக் கேள்வி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பத்தி, கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, சுருக்கம், இவைதான். எம்டெக் படிப்புக்கு ஐஐடி-களும் ஐஐஎஸ்சி-யும் நடத்தும் கேட்டில் நிலைமை வேறு. அதன் பொதுத் திறன் பகுதிக்கு 100-க்கு 15 மதிப்பெண். பாடத்திட்டத்திலேயே காலம், ஆர்ட்டிகிள், முன்னிடைச்சொல், மரபுத்தொடர் என்று பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். கேள்விகள் எளிது. துறைப் பாடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவது எனக்கு விளங்காத விஷயம்.

டான்செட்டில்?

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டின் எம்பிஏ தாளில் ஆங்கிலப் பயன்பாடு என்று தனிப் பகுதியே உண்டு. பிழை கண்டுபிடிப்பது, வெற்றிடம் நிரப்புவது என்று பழைய பாணியில் கேட்பார்கள். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. பள்ளி இலக்கணப் புத்தகத்தைத் தூசு தட்டி எடுங்கள், அதுவே போதும். எம்இ, எம்டெக் சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா என்று தனித்தேர்வு. அதில் ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதி இல்லை.

டோஃபெல், ஐஈஎல்டிஎஸ்?

அவை தாய்மொழி வேறாக உள்ளவர்களுக்கான மொழித் தேர்வுகள். ஜிஆர்இ எழுதினாலும் பெரும்பாலும் இவற்றில் ஒன்று தேவைப்படும். ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பகுதியில் இலக்கணத்துக்குக் கால் பங்கு, சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். டோஃபெல் கதை சுவாரசியம். காகிதத் தேர்வாக இருந்தபோது இலக்கணத்துக்குத் தனிப் பகுதி இருந்தது. 2005-இல் இணைய வடிவம் வந்தபோது அதைத் தூக்கினார்கள். 2026 ஜனவரி முதல் மறுபடி மாற்றம்: பத்தியில் பாதி எழுத்துகள் விடுபட்ட சொற்களை நிறைவு செய்வது, கலைந்த சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பது என்று புது வகைகள். இலக்கணம் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இந்த விடுபட்ட சொல் வித்தையும் புதிதல்ல. ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கி நிரப்பச் சொல்லும் 'க்ளோஸ்' முறையை வில்சன் டெய்லர் 1953-இல் அறிமுகப்படுத்தினார். அவர் அளக்க நினைத்தது ஆளை இல்லை, பத்தி எவ்வளவு எளிதாகப் படிக்கக்கூடியது என்பதை. சீனாவில் முதுகலை நுழைவுத்தேர்வின் ஆங்கிலத் தாளில் இன்றும் 20 வெற்றிடம், ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண்.

எவ்வளவு மதிப்பெண் நல்ல மதிப்பெண்?

படிப்பைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் 160 வாங்கினால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் உங்களுக்குக் கீழே இருப்பார்கள். கணிதத்தில் அதே 160 ஏறத்தாழ நடுவில்தான் நிற்கும், அவ்வளவு பேர் அங்கே 170-ஐ நெருங்குகிறார்கள். கணினித் துறைக்குப் போகிறவர் ஆங்கிலத்தில் 150-களின் நடுவில் இருந்தால் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. மானுடவியல், வரலாறு என்றால் கதை வேறு. சில துறைகள் ஜிஆர்இ-யே வேண்டாம் என்கின்றன. 2020-க்குப் பிறகு அப்படிச் சொல்பவை பெருகின. விண்ணப்பிக்கும் துறையின் பக்கத்தை முதலில் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

ஜிஆர்இ-யில் விடாதீர்கள். தவறுக்குக் கழிவு இல்லை. ஒரு துண்டுக்குள் கேள்வியைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம், அந்தத் துண்டு முடிந்தபின் வர முடியாது. முதல் துண்டில் எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்து இரண்டாம் துண்டின் கடினம் அமையும். இரண்டாவது ரொம்பக் கஷ்டமாக இருந்தால் பதற வேண்டாம், முதலாவதை நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றுகூட இருக்கலாம்.

முதல் முறை சொதப்பிவிட்டால்?

21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் 21-ஆம் நாளே ஓடாதீர்கள். இடிஎஸ் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றையாவது மிச்சம் வைத்திருங்கள், அதில் எண் ஏறிய பிறகு தேதி வாங்குங்கள். இரண்டையும் முதல் வாரமே எழுதித் தீர்த்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.